தவளை வீடு போகாத நாட்கள்

என் கணவர் மௌத்தாகி அடக்கம் முடிந்த மறுநாள் காலை, வீட்டில் கூடியிருந்த பெண்கள் செய்த முதல் வேலை டிவியின் மேல் ஒரு பெட்ஷீட்டை இழுத்துப் போர்த்தியதுதான். "இத்தா இருக்கிற ஊட்டுல டிவி என்னத்துக்கு?" என்றார் பக்கத்து வீட்டு ராத்தா. வேறொரு நாளாக இருந்தால் என் வாயில் நல்லதாக நாலு வாங்கிக்கொண்டு போயிருப்பார். அன்றைக்கு ஊதாப் பூப்போட்ட அந்த பெட்ஷீட்டைப் பார்த்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன்.

இத்தா என்றால் கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டு வாசலைத் தாண்டாமல், நகை நட்டு இல்லாமல், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பது. மார்க்கம் சொன்னதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் எனக்கு நாற்பத்தாறு வயது, பிள்ளைகள் கிடையாது, அந்த வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான். முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள். இரண்டாம் வாரம் சாப்பாட்டுப் பாத்திரங்கள் மட்டும் வந்தன. மூன்றாம் வாரம் நான் அரைச் சுண்டு அரிசி போட்டுச் சமைத்து, அதிலும் பாதியை மறுநாள் வாளியில் கொட்டினேன்.

மஹய்யாவ ஏற்றத்தில், படிக்கட்டு ஏறி வரவேண்டிய வீடு எங்களுடையது. ஜன்னலைத் திறந்தால் டவுனுக்கு அந்தப் பக்கம் ஹந்தானை மலை தெரியும், பனி விட்டால். கீழே மாத்தளை ரயில் போகும் சத்தம் கேட்கும். கடுகண்ணாவையில் அவருக்கு ஒரு சின்ன பெயின்ட் கடை இருந்தது. காலை ஏழு மணி பஸ்ஸுக்குப் போய், மாலை ஏழு மணிக்கு அந்தப் படிக்கட்டில் செருப்புத் தேயத் தேய ஏறி வருவார். அந்தச் செருப்புச் சத்தம் எனக்கு எத்தனை எரிச்சலைத் தந்திருக்கிறது! காலைத் தூக்கி வைத்தால் என்ன என்று எத்தனை முறை கத்தியிருக்கிறேன். இப்போது ஏழு மணி ஆனால் குசினியில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நிற்பேன், படிக்கட்டின் அமைதி காதில் விழாமல் இருக்க.

என் நானா, அதாவது என் அண்ணன், அதே ஒழுங்கையில் நாலு வீடு கீழே இருந்தார். அவருக்கு ஒரே மகள், எட்டு வயது. மதினி வங்கியில் வேலை செய்தபடியால் பிள்ளையைப் பாடசாலை வேன் ஒன்றரை மணிக்கு எங்கள் வீட்டு வாசலில்தான் இறக்கும். மூன்று வருஷமாக அப்படித்தான். மௌத்து வீட்டுக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாமென்று சில நாள் வைத்துப் பார்த்தார்கள். பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, யூனிபோர்மோடு, தண்ணீர்ப் போத்தலோடு அவள் தானாகவே படியேறி வந்து, "மாமி, பசிக்குது" என்றாள். அல்லாஹ்வே, அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அவளுக்கு ஆயுசு முழுக்க நன்றிக்கடன் பட்டவள்.

சாப்பிட்டு முடித்தவள் நேரே போய் பெட்ஷீட்டைத் தூக்கி டிவியின் அடியில் எட்டிப் பார்த்தாள். அவள் தேடியது கேம் மெஷினை. அது என் கணவர் அவளுக்காக டவுனில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. வாங்கும்போது நான் வேண்டாமென்று சொன்னேன், கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளே யாரோ போட்ட டிஸ்க் ஒன்று சிக்கிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறது. நல்லகாலம், அது ஒரு குழந்தைகள் கேம். ஒரு கார்ட்டூன் படத்தை வைத்துச் செய்தது. யானைக்குட்டி ஒன்றும் தவளை ஒன்றும் வெள்ளத்தில் அடிபட்டுப் போய், தெரியாத ஊரில் ஒதுங்கி, வீட்டுக்கு வழி தேடுகிற கதை. அந்தப் படத்தைச் சனிக்கிழமை காலைகளில் டிவியில் சிங்களத்தில் போடுவார்கள். அதனால் எங்கள் பிள்ளைக்கு அந்தத் தவளை சிங்களத் தவளை. கேமில் அது ஆங்கிலத்தில் ஏதோ சொல்லும், இவள் அதற்கு மேலால் "யமு, யமு!", போவோம் போவோம் என்று சிங்களத்தில் அவசரப்படுத்திக்கொண்டே குதிப்பாள்.

அவள் எப்போதும் தவளை. யானை என் கணவர். அவரைப் போல மோசமாக விளையாடுகிற மனிதரை நான் கண்டதில்லை. இருக்கிற பள்ளத்திலெல்லாம் விழுவார், விழுந்துவிட்டு யானையைத் திட்டுவார்.

"மாமி, யானைக்கு ஆள் இல்ல" என்றாள் அவள்.

"இத்தாவுல கேம் விளையாடினா ஊரு என்ன சொல்லும் மகள்?"

"சத்தத்தக் குறைச்சிட்டு விளையாடுவோம்."

அவருடைய கொன்ட்ரோலரை எடுத்தேன். இடது பக்கப் பொத்தான் அவர் அழுத்தி அழுத்தியே தளர்ந்து போயிருந்தது. ஒரு நிமிடத்துக்குள் பள்ளத்தில் விழுந்தேன். அவரைச் சொல்லிச் சிரித்ததெல்லாம் எனக்கே திரும்பி வந்தது.

விளையாட்டு இதுதான். தவளை உயரத்துக்குக் குதிக்கும், யானை பாரத்தைத் தள்ளும். ஒருவர் இல்லாமல் மற்றவர் போக முடியாது. பயமாக இருந்தால் ஒரு பொத்தானை அழுத்தலாம், நாம் ஒரு சவர்க்காரக் குமிழிக்குள் போய்விடுவோம். குமிழி மிதந்துகொண்டே மற்றவர் பின்னால் போகும். அவர் வந்து தொட்டால் உடையும். ஆனால் இரண்டு பேருமே ஒரே நேரத்தில் குமிழிக்குள் போனால், போச்சு, அந்தக் கட்டம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். நான் முதல் ஒரு மாதம் பெரும்பாலும் குமிழிக்குள்தான் இருந்தேன். எட்டு வயதுப் பிள்ளை என்னை இழுத்துக்கொண்டு ஆறு தாண்டினாள், பாலம் தாண்டினாள், எரியும் காட்டைத் தாண்டினாள்.

ஒரு நாள் பின்னேரம் நல்ல மழை. நாங்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு ராத்தா ஒரு கிண்ணம் சூப்போடு கதவைத் தட்டினார். பிள்ளை மின்னல் வேகத்தில் பெட்ஷீட்டை டிவி மேல் எறிந்தாள். நிறுத்த நேரமில்லை, நிறுத்தினால் அன்றைக்கு வந்த தூரமெல்லாம் வீண். ராத்தா உட்கார்ந்து தன் முழங்கால் வலியைச் சொல்ல ஆரம்பித்தார். அந்தக் கேமில் ஒரு சனியன் உண்டு. யாரும் எதையும் அழுத்தாமல் விட்டால் யானை கொட்டாவி விடும், தவளை கத்தும். கத்தியது. ராத்தா பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டினார். மறுபடி கத்தியது.

"ஊட்டுக்குள்ள தவளை பூந்திருக்குது! மழைக்கு வந்திருக்கும். விளக்குமாற எடுங்க!"

முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ, அலுமாரிக்கு அடியில், கதிரைக்கு அடியில், கட்டிலுக்கு அடியில் என்று குனிந்து குத்திக் குத்திப் பார்த்தார். பிள்ளை தலைத் தாவணியை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பித் தொழப்போகிறவள் மாதிரி நின்றேன். ஒருவழியாக, "ஜன்னலால போயிருக்கும்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியதும் இரண்டு பேரும் தரையில் விழுந்து சிரித்தோம். வயிறு பிடித்துக்கொண்டது. சிரித்து முடியும்போதுதான் எனக்கு உறைத்தது, என் கணவர் போனதற்குப் பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அது. வெட்கமாகிவிட்டது. குசினிக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பின்னால் வந்து நின்றவள், "மாமா கோவிக்க மாட்டாரு மாமி. மாமா இருந்தா எங்களுக்கு மேலால சிரிச்சிருப்பாரு" என்றாள். அது உண்மைதான்.

இரண்டு மாதம் கழிந்த பிறகு நானாவின் விசா வந்தது. குடும்பத்தோடு வெளிநாடு போக அவர் நாலு வருஷமாக அலைந்துகொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வாசலுக்கு வெளியே என் கைகால் எல்லாம் அவர்தான். "தங்கச்சிட இத்தா முடியாம நான் எப்பிடிப் போற?" என்று பயணத்தைத் தள்ளிப் போட்டார். நான் அக்குறணையில் எங்கள் சாச்சி வீட்டில் போய் இருக்கலாமே என்றும் கேட்டார். முடியாதென்றேன். அதற்குப் பிறகு எல்லோரும் என் இத்தா முடிகிற நாளை எண்ணத் தொடங்கினார்கள். வருகிறவர்கள், "இன்னும் கொஞ்ச நாள்தானே, பொறுத்துக்கங்க" என்று எனக்கு ஆறுதல் சொல்வார்கள். அந்த நாள் வரவே கூடாதென்று நான் நினைத்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த நேரத்தில் நாங்கள் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தோம். முடிவில் ஒரு பெரிய கல் கதவு. இரண்டு பக்கமும் இரண்டு கல். யானை ஒன்றிலும் தவளை ஒன்றிலும் ஒரே நேரத்தில் நின்றால் கதவு திறக்கும், திறந்தால் வீடு. நானும் தேறியிருந்தேன், பள்ளத்தில் விழுவது குறைந்துவிட்டது. ஆனால் கதவுக்குக் கிட்டே போகும்போதெல்லாம் ஏதாவது நடந்தது. நான் தடுமாறிக் குமிழிக்குள் போவேன். என்னைத் தொட்டு உடைக்க வேண்டியவள் அதே நொடியில் தானும் குமிழிக்குள் போய்விடுவாள். திரும்ப முதலிலிருந்து. மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"என்ன மகள் இது? வேணுமென்டே செய்றீங்களா?"

அவள் கண் நிறைந்துவிட்டது. "முடிச்சா நாங்க போகணும்."

"யார் சொன்ன?"

"வாப்பா. எப்ப போறன்டு கேட்டதுக்கு, மாமியோட கேம முடிங்க, முடிச்சதும் போவோம் என்டாரு. முடிக்காட்டி போக ஏலா தானே?"

நானாவுக்கு அது ஒரு வேலை நேரத்துப் பதில். நச்சரிக்கிற பிள்ளையின் வாயை அடைக்கச் சொன்னது. டிக்கெட் ஏற்கனவே எடுத்தாகிவிட்டது. முதல்நாள் மாலைதான் மதினி அதைத் தன் போனில் எனக்குக் காட்டியிருந்தார். நான் அப்போதே அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"சரி, இன்டைக்குப் போதும். நாளைக்கு விளையாடுவோம்" என்றேன்.

மறுநாள் கதவுக்குப் பத்தடி இருக்கும்போது அவள் குமிழிக்குள் போனாள். நான் போய்த் தொட்டிருக்கலாம். தொடாமல் நானும் அந்தப் பொத்தானை அழுத்தினேன். திரை இருண்டு கட்டம் முதலிலிருந்து ஆரம்பித்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் அதையேதான் செய்தோம். கதவு வரை போவது, குமிழிக்குள் போவது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவளுக்கு அது காரியம், ஊரிலேயே இருப்பதற்கு அவள் கண்டுபிடித்த வழி. எனக்கு? போகவேண்டாமென்று நினைக்கிற இன்னொரு ஆள் பக்கத்தில் இருக்கிறதே என்ற சந்தோஷம். எட்டு வயதுப் பிள்ளையை ஏமாற்றி அதை நான் அனுபவித்தேன். சுருக்கமாகச் சொன்னால் அவ்வளவுதான்.

இத்தா முடிந்த அன்று குளித்து, புதுச் சட்டை உடுத்து, ஏழைகளுக்குச் சோற்றுப் பார்சல் கொடுத்தோம். பக்கத்து வீட்டு ராத்தா டிவியின் மேலிருந்த பெட்ஷீட்டை எடுத்து மடித்து என் கையில் தந்தார். நாலு மாதத்துக்குப் பிறகு வாசலைத் தாண்டினேன். வெயில் கண்ணைக் குத்தியது. முதலில் போன இடம் நாலு வீடு கீழே, நானாவின் வீடு. ஹோல் முழுக்கப் பயணப் பெட்டிகள். நானா ஒவ்வொன்றாகத் தராசில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை ஒரு மூலையில் நின்றாள்.

என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். "மாமி, நாங்க கேம முடிக்கலியே! வாப்பாக்கிட்ட சொல்லுங்க!"

"என்ன கேம்?" என்றார் நானா. அவருக்கு அது நினைவிலேயே இல்லை.

"மாமிக்குத் தெரியும். மாமி, சொல்லுங்க."

நான் பெட்டிகளைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளைகள் எல்லாவற்றையும் முகத்தில்தான் படிக்கிறார்கள்.

"உங்களுக்கும் தெரியுமா மாமி? தெரிஞ்சுகொண்டா விளையாடினீங்க?"

ஆமென்று தலையை ஆட்டினேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த ஆறு நாளும் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகிற வேன் வந்து நின்றபோது நானா அழுதார், மதினி அழுதார். அவள் அந்தப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் இறக்கத்தில் திரும்பும்வரை பார்த்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வேண்டியதுதான்.

பிறகு நான் கடையைத் திறந்தேன். ஏழு மணி பஸ், கடுகண்ணாவை, பெயின்ட் டின்கள், மாலை பஸ். வீட்டுக்கு வந்தால் குசினியில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுவேன், ஒரு தட்டுக்கு மேசை எதற்கு? ஒன்றரை மணிக்கு வீட்டில் இருக்கப் பயந்து ஞாயிற்றுக்கிழமையும் கடைக்குப் போன வாரங்கள் உண்டு. டிவிமேல் அந்த பெட்ஷீட்டை நானே திரும்பப் போர்த்திவிட்டேன். மதினி போன் எடுப்பார். பிள்ளை எங்கே என்றால் தூங்குகிறாள், படிக்கிறாள், வெளியே போயிருக்கிறாள். பின்னால் அவள் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஏழு வாரம் கழித்து ஒரு பின்னேரம் மதினியின் நம்பரிலிருந்து வந்த அழைப்பில் அவள் முகம் இருந்தது. முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். கழுத்து வரை கம்பளிச் சட்டை.

"முடிச்சீங்களா?" என்றாள். ஸலாமும் இல்லை, சுகமும் இல்லை.

"இல்ல மகள். தனியா ஏலா தானே. கதவுக்கு ரெண்டு பேர் வேணும்."

கொஞ்ச நேரம் கம்பளிச் சட்டையின் நுனியைக் கடித்தாள். "முடிச்சா நாங்க திரும்பி வருவமா?"

இன்ஷா அல்லாஹ் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இல்லை என்று சொல்ல மனம் வராத இடத்திலெல்லாம் எங்கள் ஆட்கள் அதைத்தான் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். நானும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். விழுங்கினேன்.

"இல்ல மகள். கேமுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அன்டைக்கும் இருக்கல்ல. எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லல்ல. நீங்க போறது எனக்குப் புடிக்கல்ல. அதுதான்."

அழுவாளென்று நினைத்தேன். அவள் அழவில்லை. "எனக்கும்தான்" என்றாள். பிறகு, பெரிய மனுஷி மாதிரி ஒரு மூச்சு விட்டுவிட்டு, "அப்ப அந்தத் தவளைய ஊட்டுக்கு அனுப்புங்க மாமி. பாவம், எவ்வளவு நாளா வாசல்லயே நிக்குது" என்றாள்.

அன்று மாலை பெட்ஷீட்டை எடுத்தேன். தரையில் உட்கார்ந்து, இரண்டு தொடைக்கும் மேல் தலையணை வைத்து, அவற்றின் மேல் இரண்டு கொன்ட்ரோலரையும் வைத்துக்கொண்டேன். பெருவிரலால் நடத்தி, ஆள்காட்டி விரலால் குதிக்க வைக்க வேண்டும். யானையை நடத்தினால் தவளை பள்ளத்தில் விழுந்தது. தவளையைப் பார்த்தால் யானை சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. "நாசமாப் போன தவளை" என்று சத்தம் போட்டுத் திட்டினேன். சத்தத்தைக் குறைக்கவில்லை, ராத்தா விளக்குமாற்றோடு வந்தாலும் வரட்டும் என்று விட்டுவிட்டேன். ஒருவரைக் குமிழியில் போட்டு மற்றவரை நடத்துவது, பிறகு மாற்றுவது என்று ஒரு வழி பிடிபட்டது. பன்னிரண்டு நாள் ஆனது. ஒரு வியாழக்கிழமை மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு பேரும் கல்லில் ஏறி நின்றார்கள். கதவு திறந்தது. உள்ளே ஒரு குளம், அவ்வளவுதான். யானை தண்ணீரில் இறங்கியது, தவளை அதன் முதுகில் ஏறிக்கொண்டது. பிறகு கேம் செய்தவர்களின் பெயர்கள் வரிசையாக மேலே போயின. எனக்கு எழுந்துபோய்ச் செய்ய ஒரு வேலையும் இருக்கவில்லை, கடைசிப் பெயர் வரை உட்கார்ந்து பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளே போன் எடுத்தாள். கேமை முடித்ததைச் சொன்னேன்.

"பொய்! தனியா எப்பிடி ஏலும்?"

"ரெண்டு கொன்ட்ரோலரையும் நானே புடிச்சேன். ஒரு கையில யானை, ஒரு கையில தவளை."

இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, விரல்களை ஆட்டிப் பார்த்தாள்.

"நான் எந்தக் கை?"

"சோத்தாங்கை."

"அப்ப நீங்க பீச்சாங்கையா மாமி?" என்று கேட்டுவிட்டு, ராத்தா கட்டிலுக்கு அடியில் தவளை தேடிய அன்றைக்குச் சிரித்தாளே, அதே சிரிப்பு. போன் அவள் கையை விட்டு விழுந்து, எனக்குத் தெரியாத ஒரு வீட்டின் முகடு மட்டும் தெரிந்தது. அவள் சிரித்து முடிக்கும்வரை நான் அந்த முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.